கூட்டலில் வராதவர்

காருபில் ரயில் நிற்பதில்லை.
நிலையம் நிற்கிறது, பாதிக் கூரையோடு.
பிளாட்பாரத்தில் ஏறி இறங்குவது
மணல் மட்டும்தான்.

முக்காலியின் வயிற்றில் கல்மூட்டை தொங்கவிட்டேன்.
லென்ஸுக்கு என் மகனின் ஒற்றைக் காலுறை,
உள்ளே ஒரு சூட்டுப் பொட்டலம்.
கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்தான்,
ஆனாலும் அதன் மூச்சு
விடிகாலை மூன்றுக்கு வந்து
கண்ணாடியில் பூத்துவிடும்.

வடக்கே இருப்பவர்களுக்கு
அசையாமல் நிற்க ஒரு நட்சத்திரம் உண்டு.
எங்களுக்கு வாய்க்கவில்லை.
சிலுவையின் நெடுங்காலை நாலரை மடங்கு நீட்டி
விரல் போய் நிற்கும் இடத்தில்
ஒன்றுமே இல்லாத கறுப்பு.
அச்சாணி கழன்றதை
யாரும் சொல்லாததால்
சுற்றிக்கொண்டே இருக்கும் சக்கரம்.
அந்தக் கறுப்பைத்தான் நடுவில் வைத்தேன்.

முப்பது நொடிக்கு ஒரு படம்.
டிக்.
மணல்பல்லிகள் வளைவாசலில் நின்று குரைத்தன.
டிக்.

பத்தே முக்காலுக்கு
தண்டவாளத்தின் மேற்கு நுனியில் ஒரு வெளிச்சம்
தள்ளாடி வந்தது.
எங்கள் நாமா மொழியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
அதிலும் ஒரு சொடுக்கு உண்டு;
கேமராவும் நானும்
சேர்ந்து திட்டியதுபோல் இருந்தது.

எசாயாஸ் கோலியத்.
பெயருக்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை.
நெற்றியில் விளக்கு, தோளில் மண்வெட்டி.
விடிந்தால் மாங்கனீசு வண்டி வரும்;
அதற்குள் மணல் எவ்வளவு தூரம்
ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"எதைப் பிடிக்கிறாய்?"
"நட்சத்திரம் நகர்வதை."
"நகர்கிறதா!" என்றார்.
"இருபத்திரண்டு வருஷமாக நடக்கிறேன் தங்கச்சி,
இந்த வேலையில் தலை நிமிர்ந்தால்
கட்டை தடுக்கும்."

பிறகு, கேட்காமலேயே, விளக்கை அணைத்தார்.
என் சட்டகத்துக்கு நட்டநடுவே
தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்தார்.
இந்த வழியில் இங்கே மட்டும்தான்
போனுக்கு சிக்னல் கிடைக்குமாம்.

நாற்பது நிமிஷம்.
எழுந்து போகச் சொல்ல வாய் வரவில்லை.
அவர் முதுகுக்குப் பின்னால் நட்சத்திரங்கள்
பத்துப் பாகை சரிந்தன.
ஒரு தடவை இருமினார்.

போன் ஒளிர்ந்தது.
நீலத்தில் ஒரு கன்னம், காதின் ஓரம்.
படித்தார். அல்லது பெயரை மட்டும் பார்த்தார்.
அணைத்தார்.
மண்வெட்டியை ஊன்றி எழுந்து
கிழக்கே போனார்.
நல்ல சேதியா என்று
நானும் கேட்கவில்லை.

வீட்டில், நானூற்றறுபத்து நாலு படங்களை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.
இந்தக் கணக்குக்கு ஒளியை மட்டும்தான் கூட்டத் தெரியும்.
இருட்டில் உட்கார்ந்திருப்பவர்மேல்
அவர் வருமுன் இருந்த நட்சத்திரமும்
போனபின் வந்த நட்சத்திரமும்
கோடு இழுத்துவிடும்.
நாற்பது நிமிஷம் இருந்தவர் இல்லை.
வந்த வழி ஒரு நெளிகோடு,
போன வழி ஒரு நெளிகோடு,
இரண்டுக்கும் இடையே, தண்டவாளத்தின்மேல்,
கடுகளவு நீலம்.

லூடெரிட்ஸ் விடுதிக்காரர் ஃபோல்கருக்குப்
படம் பிடித்துவிட்டது.
வரவேற்பறைச் சுவருக்கு, இரண்டு மீட்டர் அகலம்.
"வானம் அற்புதம். கீழே அந்தக் கிறுக்கலும் புள்ளியும்தான்..."

அந்தப் படங்களை உருவிவிடலாம்.
உருவினால் எல்லா நட்சத்திரமும்
ஒரே இடத்தில் அறுபடும்.
இல்லாவிட்டால் கறுப்புத் தூரிகை இருக்கிறது,
ஐந்து நிமிஷ வேலை.

செய்து தருகிறேன் என்றேன்.
முன்பணமும் வாங்கிவிட்டேன்;
காரின் பின்சக்கரங்கள் இரண்டும் அதில்தான் புதுசு.
மூன்று வாரமாகிறது.
தினமும் திறக்கிறேன்,
நீலத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
கட்டம் கட்டமாக உடைகிறது.
ஒரு கட்டம்கூட
சேதியைச் சொல்வதாக இல்லை.